பால் அறைக் காய்மகாரம்

பதினான்கு வருடமாக நான் குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி. ஏழு மாதத்தில், சில சமயம் அதற்கும் முன்னால் பிறந்துவிட்ட பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் வாரக்கணக்கில் கிடக்கும் இடம். அந்தப் பிள்ளைகளுக்கு உறிஞ்சிக் குடிக்க வராது. தாய் பாலைப் பீச்சிக் கொடுக்கவேண்டும். நாங்கள் அதை மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்கு அனுப்புவோம். பிள்ளை பக்கத்தில் இல்லை. அதன் அழுகை காதில் விழவில்லை. தையல் வலி, பயம், பிள்ளை பிழைக்குமா என்று வெளியே நின்று பேசும் உறவுக் கூட்டம். இத்தனைக்கும் நடுவில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தப் பெண்ணுக்குப் பால் வரவேண்டும். வரவழைப்பதுதான் என் பொறுப்பு.

அதற்கென்று என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும், பழைய துணி மூட்டைகள் போட்டிருந்த ஒரு சின்ன அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். நாலு நாற்காலி, ஒரு பச்சைத் திரை, இரண்டு பம்ப், ஒரு ஃப்ரிட்ஜ். நாங்கள் அதைப் பால் அறை என்றோம். சுவரில் அட்டவணை ஒட்டினேன். யார், எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி. என் கையெழுத்து அழகாக இருக்கும். அந்த அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கர்வம் வரும்.

அந்த அறைக்குள்தான் அவள் வந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் பெரிய டாக்டர் அம்மா அவளைக் கையோடு கூட்டிவந்தார். டாக்டருக்குச் சொந்த ஊர் மைசூர் பக்கம். எங்களோடு பேசும்போது தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார்.

"சிஸ்டர், இவங்க ஞாபகம் இருக்கா? மூணு வருஷம் முன்னாடி இங்க இருந்தாங்களே. அறுபது நாளுக்கு மேல. இனிமே வாரத்துல மூணு நாள் வருவாங்க. தாய்மார்கள்கூட உக்காந்து ஸ்வல்ப பேசட்டும். அனுபவப்பட்டவங்க சொன்னா கேப்பாங்க, அல்வா, இல்லையா?"

எனக்கு ஞாபகம் இருந்தது. ஈஜிபுராவில் ஒரு மாடி வீட்டில் குடியிருப்பவள். கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் தையல் மெஷினில் இருந்தவள். ஏழாம் மாதத் தொடக்கத்திலேயே பனிக்குடம் உடைந்து பையன் பிறந்தான். ஒரு கிலோகூட இல்லை. கையால் பால் பீச்சுவது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அதனால் அன்று சந்தோஷமாகத்தான் சிரித்தேன். என்னிடம் படித்தவள் எனக்கு உதவியாக வருகிறாள் என்று நினைத்தேன். உதவியாக என்ற சொல் என் மனசுக்குள் எவ்வளவு பத்திரமாக இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் வாரமே எனக்கு உறுத்த ஆரம்பித்துவிட்டது.

அவள் அட்டவணையைப் பார்க்கவே இல்லை. நாற்காலியை இழுத்து, தாயின் முன்னால் போடாமல் பக்கவாட்டில் போட்டு உட்காருவாள். பால் பற்றி எதுவும் கேட்கமாட்டாள். என்ன சாப்பிட்டே, ராத்திரி தூங்கினியா, வீட்டுக்காரர் என்ன வேலை. பம்ப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு தாய் பாட்டிலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால், தன் பையிலிருந்து ஒரு குழந்தைக் காலுறையை எடுத்து அந்தப் பாட்டிலுக்கு மாட்டிவிடுவாள்.

"அத இன்னாத்துக்கு பாத்துனே கீற? பால் பொங்குதான்னு அடுப்பையே பாத்துனு இருந்தா அது பொங்குமா? என்னப் பாரு. ஒங்க ஊர்ல இப்ப மழையா?"

அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். என் பத்து விரல்களும் ஆறு வருடம் வேலை செய்த அந்த அறையில் நான் சிரிப்பைக் கேட்டதே இல்லை. கதவுக்கு வெளியே நின்று, ஃப்ரிட்ஜ் வெப்பநிலையைக் குறித்துக்கொள்வதுபோல நடித்துக்கொண்டு, அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவளை எல்லோரும் அக்கா என்றார்கள். தமிழ்ப் பெண்கள், கன்னடப் பெண்கள், உருது பேசும் பெண்கள், எல்லோரும். இந்த ஊரில் அந்தச் சொல்லை மொழிபெயர்க்கவே தேவையில்லை. நான் சிஸ்டர். அர்த்தம் ஒன்றுதான். ஆனால் ஒன்று சீருடையைக் கூப்பிடுகிறது, இன்னொன்று ஆளைக் கூப்பிடுகிறது.

"சிஸ்டர், அக்கா இன்னைக்கு வருவாங்களா?"

செவ்வாயும் வியாழனும் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்தது. "வரமாட்டாங்க. நான் இருக்கேன்ல" என்பேன். அந்தப் பெண் தலையாட்டுவாள். மருந்து கசக்கும் என்று தெரிந்தும் வாயைத் திறக்கும் பிள்ளையின் தலையாட்டல்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். என் கணவருக்கும் அதுவரை நான் சொன்னதில்லை.

எனக்கு ஒரு மகள். இப்போது பதினைந்து வயது. அவள் பிறந்தபோது நான் வேறொரு நர்சிங் ஹோமில் வேலை செய்தேன். நாற்பத்தைந்தாவது நாள் டூட்டிக்குத் திரும்பச் சொன்னார்கள். விவேக் நகரில் மாமியாரிடம் பிள்ளையை விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். பதினோரு மணிக்கெல்லாம் மார்பு கல்லாக இறுகிவிடும். பக்கத்து வார்டில் ஏதாவது பிள்ளை அழுதால் சீருடை நனையும். இடைவேளையில் கழிப்பறைக்குப் போய், கை கழுவும் தொட்டியில் குனிந்து பீச்சி விடுவேன். வெள்ளையாகத் தண்ணீரோடு சுழன்று ஓட்டைக்குள் போகும். எடுத்துவைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நர்ஸ்தானே, தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கொஞ்ச நாளில் பால் நின்றது. மகள் பவுடர் பாலில் வளர்ந்தாள், நன்றாகத்தான் வளர்ந்தாள். ஆனால் அந்தத் தொட்டியின் சத்தம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

பின்னாளில் பயிற்சிக்குப் போய் எல்லாவற்றையும் படித்தேன். படித்ததைச் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு தாயின் பாட்டிலிலும் பால் ஏறும்போது நான் சந்தோஷப்பட்டது உண்மை. அடியில் ஒரு நெருஞ்சி முள்ளும் இருந்தது. எனக்குப் பக்கத்தில் இப்படி ஒருத்தி உட்கார்ந்திருந்தால் என்று. ஈஜிபுராக்காரி வந்தபிறகு அந்த முள்ளுக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. தன் பிள்ளைக்கு ஒரு சொட்டு வீணாக்காமல் கொடுத்தவள். இப்போது ஊர்ப் பிள்ளைகளுக்கும் கொடுக்கவைக்கிறாள்.

அப்போதுதான் ஓசூர்ப் பெண் வந்தாள்.

இருபத்திரண்டு வயது. ரத்தக்கொதிப்பு ஏறி, ஓசூரிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுவந்து, ஒரு சனிக்கிழமை அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்த பெண் குழந்தை. ஒரு கிலோ ஐம்பது கிராம். தாய் இரண்டு நாள் கண்ணே சரியாகத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சக்கர நாற்காலியில் பால் அறைக்குக் கொண்டுவந்தார்கள். கை கால் எல்லாம் வீங்கியிருந்தது.

நான் எனக்குத் தெரிந்த அத்தனையும் செய்தேன். வெந்நீர் ஒத்தடம், முதுகு நீவல், கையால் பீச்சல், பிறகு பம்ப். காலையில் ஒரு மில்லி. மதியம் ஒரு மில்லி. சீம்பால், தேன் நிறத்தில். "இதுவே பெரிய விஷயம்மா, இது மருந்து மாதிரி" என்றேன். அவள் சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தாள். பக்கத்து வரிசைகளில் முப்பது, நாற்பது, ஐம்பது. தன் பெயருக்கு நேரே ஒன்று. தலையைக் குனிந்துகொண்டாள்.

புதன்கிழமை ஈஜிபுராக்காரி வந்தாள். பத்து நிமிஷம் அந்தப் பெண்ணோடு பேசினாள். பிறகு எழுந்து குழந்தைகள் இருக்கும் கூடத்துக்குப் போய், கை கழுவி, அங்கிருந்த நர்ஸிடம் கேட்டு, அந்தக் குழந்தையின் தலையிலிருந்து கழற்றிய குல்லாவை வாங்கிவந்தாள். ஒரு எலுமிச்சம்பழத்துக்குப் போடும் அளவுக் குல்லா. அதைத் தாயின் கையில் வைத்தாள்.

"மோந்து பாரு. ஒம் பொண்ணு வாசன."

ஓசூர்ப் பெண் அதை மூக்கில் வைத்தாள். தோள்கள் குலுங்கின. ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் அழவே இல்லை என்று அவள் அம்மா சொல்லியிருந்தார். அழுதாள். அழுதுகொண்டே இருக்கும்போது பாலும் வந்தது. அன்று ஆறு மில்லி. வெள்ளிக்கிழமை ஒரே தடவையில் இருபது.

திங்கட்கிழமை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார். "நோடி, பாருங்க, இதுதான் வேணும். மெஷின் யாரு வேணாலும் மாட்டலாம்." எல்லோரும் ஈஜிபுராக்காரியைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மெஷின் மாட்டுகிறவள் நான்தான்.

எங்கள் வேதபாடத்தில் தலையான பாவங்கள் ஏழு என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அதில் பொறாமைக்குப் பழைய சொல் ஒன்று உண்டு. காய்மகாரம். என்ன அர்த்தம் என்று தெரியாமலே ஒப்பித்த சொல். அன்று காலை ரவுண்ட்ஸில் நின்றபோது வயிற்றில் எதுவோ காய்ந்து எரிந்தது. சொல்லின் அர்த்தம் தெரிந்துவிட்டது.

அன்று மதியமே டாக்டரின் அறைக்குப் போனேன்.

அதற்கு முந்தைய வாரம்தான் எங்கள் பிரிவில் இரண்டு பிள்ளைகளுக்குத் தொற்று வந்து, எல்லோரும் பயந்துபோயிருந்தோம். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

"டாக்டர், சொல்றதுக்கு சங்கடமாத்தான் இருக்கு. அவங்க குழந்தைங்க துணியை உள்ள இருந்து வெளிய எடுத்துட்டு வராங்க. குல்லாவெல்லாம். இன்ஃபெக்ஷன் இருக்கிற நேரம். பயிற்சி இல்லாதவங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் ரூம் பேர்தான் கெடும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க ட்ரெய்னிங் போனவங்க. நீங்க சொன்னா சரி. நான் அவங்ககிட்ட கொஞ்ச நாள் வரவேண்டாம்னு சொல்றேன்."

பிள்ளையின் துணியைத் தாய்க்கு முகரக் கொடுத்து, அதைத் திரும்ப உள்ளே கொண்டுபோகாமல் சலவைக்குப் போட்டால் எந்தத் தப்பும் இல்லை. என் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்ததுதான். என் நோட்டில், என் அழகான கையெழுத்தில் இருக்கிறது. அதெல்லாம் தெரிந்துதான் நான் டாக்டரின் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை அவள் வரவில்லை. ஓசூர்ப் பெண் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்காவுக்கு உடம்பு சரியில்லையா சிஸ்டர்?"

"வேற வேலை இருக்கும்போல" என்றேன்.

அவள் மாதிரியே நானும் செய்து பார்த்தேன். நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டேன். பாட்டிலுக்குக் காலுறை மாட்டினேன். உங்க ஊர்ல மழையா என்றுகூடக் கேட்டேன், கடவுளே. அந்தப் பெண் மரியாதையாக, "இல்ல சிஸ்டர், வெயிலுதான்" என்றாள். பம்ப் ஓடியது. இருபதாக இருந்தது பத்தாயிற்று. பத்து நாலாயிற்று. ஒரு நாள் அவள் பம்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். நீங்க நல்லாத்தான் பாத்துக்கிறீங்க. ஆனா நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பரிட்சை எழுதுற மாதிரி இருக்கு."

அடுத்த வாரம் குழந்தைக்குத் தாய்ப்பால் போதவில்லை. வேறு தாய்மார்கள் கொடுத்த பால் எங்களிடம் சேமிப்பில் கொஞ்சம் இருந்தது, அதைக் கொடுத்தோம். அதுவும் தீர்ந்தது. இரண்டு வேளை குறைமாதப் பிள்ளைகளுக்கான பவுடர் பால் போயிற்று. மூன்றாம் வேளைக்குள் வயிறு உப்பி, பளபளவென்று ஆகிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள், குடல் அழற்சி என்றார்கள். குழாய்ப் பாலை நிறுத்தி, நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். ஆபரேஷன் வரை போகலாம் என்று டாக்டர் குழந்தையின் அப்பாவிடம் சொல்வதை நான் இரண்டடி தள்ளி நின்று கேட்டேன்.

பவுடர் பாலால்தான் அது வந்தது என்று யாரும் உறுதியாகச் சொல்லமுடியாது. தாய்ப்பால் மட்டுமே குடித்த பிள்ளைக்கும் அபூர்வமாக அப்படி வருவதுண்டு. யாரும் என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை. ஓசூர்ப் பெண்தான் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "என்னால பால் குடுக்க முடியல, அதான் இப்டி ஆயிடுச்சு" என்று தன்னையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வரவேண்டிய பழியை அந்த இருபத்திரண்டு வயதுப் பெண் எடுத்துத் தன் தலைமேல் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். வைத்த கை எனக்கே அருவருப்பாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசை நீளம். முழங்காலிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மங்கள வார்த்தை செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் சாமியார் கேட்டார்:

"யாரைப் பத்தித் தப்பா சொன்னீங்களோ, அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல சாமி."

"எங்கிட்ட சொல்றது சுலபம்மா. நான் திரைக்கு இந்தப் பக்கம் இருக்கேன்."

ஞாயிறு பூசை முடிந்து, சாப்பிடாமல், ஈஜிபுராவுக்கு ஆட்டோ பிடித்தேன். மூன்று வருடத்துக்கு முந்தைய கேஸ் ஷீட்டில் அவள் சொல்லியிருந்த அடையாளங்கள் மட்டும்தான் கையில் இருந்தன. ஒரு மாவு மில்லுக்கு எதிர்ச்சந்து. ஆள் ஒருக்களித்து ஏறவேண்டிய மாடிப்படி. கதவு திறந்திருந்தது. பையன் வாசலில் குறுக்காக உட்கார்ந்து பிளாஸ்டிக் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். நல்ல உயரம், நல்ல கறுப்பு முடி. அவன் தலை என் உள்ளங்கைக்குள் அடங்கியிருந்ததை நினைத்துக்கொண்டேன்.

அவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. ஸ்டூலை மட்டும் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"டாக்டர் அனுப்சாங்களா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன். உங்களப் பத்தி டாக்டர்கிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும்."

"டாக்டர் சொல்லிட்டாங்களா?"

"அவுங்க சொல்லல. துணி வெளிய எடுத்துனு வரக்கூடாதுன்னு மட்டும் சொன்னாங்க. அந்தக் குல்லா விஷயம் தெரிஞ்சது அந்த ரூமுல ஒங்களுக்குத்தான்." அவள் ஒரு சட்டையை மடித்து அழுத்தினாள். "அதுல எனக்கு கோவம் இல்ல சிஸ்டர். வேற ஒண்ணு இருக்குது. அந்தக் குல்லா யாரு சொல்லிக் குடுத்ததுன்னு நெனைக்கிறீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"நீங்கதான். எம் பையன் பொறந்து அஞ்சாம் நாளு. எனக்கு ஒரு சொட்டு வரல. நீங்க உள்ள போயி அவன் குல்லாவ எடுத்தாந்து எங் கையில குடுத்தீங்க. 'மோந்து பாருங்கம்மா'ன்னீங்க. அதுக்கப்பறம்தான் எனக்கு வந்துச்சு. அத நான் இந்த மூணு வருஷமா ஏரியா பூரா சொல்லினு கீறேன். நீங்க மறந்துட்டீங்க. சரி, எத்தினி பேரப் பாக்கறீங்க, மறக்கும். ஆனா நீங்களே குடுத்தத நீங்களே தப்புன்னு சொன்னீங்க பாருங்க. வீட்டுக்கு வந்து அன்னிக்குச் சோறு எறங்கல எனக்கு."

நான் எவ்வளவோ யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. இப்போது வரைக்கும் வரவில்லை. என் பதினான்கு வருடத்தில் நான் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று, அது என்னிடம் இல்லை, அவளிடம்தான் இருக்கிறது.

"பொறாமைதான்" என்றேன். வேறு வார்த்தை கிடைக்கவில்லை. "எல்லாரும் உங்களத்தான் கேட்டாங்க. தாங்கல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கிட்ட இன்னா இருக்குதுன்னு சிஸ்டர்? நீங்க ஸ்டாஃபு. படிச்சவங்க. எம் பையன் பொட்டியில கெடக்கறப்ப, சாயங்காலம் நீங்க பையைத் தோள்ல மாட்டினு கெளம்புவீங்க. வீட்டுக்குப் போயி ஒங்க பொண்ணைக் கட்டிப்பீங்கன்னு பாத்துனே இருப்பேன். வயிறு எரியும் எனக்கு."

அப்போது அந்தத் தொட்டியைப் பற்றிச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மன்னிப்புக்காக இல்லை. பதினைந்து வருடம் யாருக்கும் சொல்லாததை, நான் கெடுதல் செய்த ஒருத்தியிடம், அவள் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"பக்கத்துல ஒருத்தர்கூட ஒக்காரலியா?"

"இல்ல."

"அடக்கடவுளே" என்றாள். அவ்வளவுதான். பையன் மூடிகளைத் தட்டிவிட்டான், அவை படியில் உருண்டன. அவள் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

ஓசூர்ப் பெண்ணைப் பற்றியும் குழந்தையின் வயிற்றைப் பற்றியும் சொல்லி, திரும்ப வரச் சொன்னேன்.

"நான் வரணும்னா, நான் தப்பு பண்லேன்னு அந்த ரூமுல சொல்லணும். டாக்டர் சொல்லக்கூடாது. நீங்க சொல்லணும். நான் இல்லாதப்போ சொல்லுங்க. நான் இருந்தா நாடகம் மாதிரி ஆயிடும்."

திங்கட்கிழமை முதலில் டாக்டரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். "உங்க வார்த்தைய நம்பித்தானே நான் அவங்கள அனுப்பினேன் சிஸ்டர்" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது. எழுத்தில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

பிறகு பால் அறைக்குப் போனேன். நாலு தாய்மார்கள் இருந்தார்கள். பம்பை நிறுத்தச் சொல்லவில்லை. அதன் சத்தத்துக்கு மேல் பேசினேன். அக்கா எந்தத் தப்பும் செய்யவில்லை, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன், அதனால்தான் அவர்கள் வரவில்லை என்று தமிழில் சொன்னேன். ஒருத்திக்காகத் திரும்பக் கன்னடத்திலும் சொல்லவேண்டியிருந்தது. இரண்டாம் தடவை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஓசூர்ப் பெண் என்னை வெறித்துப் பார்த்தாள். அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை.

அட்டவணையையும் அன்று சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். ஒவ்வொருத்திக்கும் தனித்தனிச் சின்ன நோட்டு வாங்கிக் கொடுத்தேன். அடுத்தவள் பாட்டிலைப் பார்த்து எரிவது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும்.

புதன்கிழமை அவள் வந்தாள். குழந்தையின் வயிறு அதற்குள் இறங்கியிருந்தது, ஆபரேஷன் தேவைப்படவில்லை. ஆனால் பால் உடனே பொங்கிவிடவில்லை. மூன்று, ஐந்து, மறுபடி மூன்று. குழாய்ப் பாலைத் திரும்ப ஆரம்பித்தபோது குழந்தைக்குத் தேவைப்பட்டதும் அவ்வளவுதான் என்பது எங்கள் அதிர்ஷ்டம். இந்தத் தடவை நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்து, குழாயும் ஒயரும் பிசகாமல் தாயின் மார்போடு தோலோடு தோலாக வைத்துக் கட்டுவது என் வேலை. அதற்கு என் கை வேண்டும். வைத்துக் கட்டியபிறகு பக்கத்தில் உட்காருவது அவள் வேலை. கட்டி முடித்ததும் நான் எழுந்து வெளியே வந்துவிடுவேன். அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு வருவது ஒவ்வொரு நாளும் எனக்குக் கசந்தது. அப்படியும் சாத்தினேன்.

ஆறாவது வாரம் ஓசூர்ப் பெண்ணுக்கு ஒரு வேளைக்கு நாற்பது மில்லி வந்தது. குழந்தை பாலாடைச் சங்கில் குடிக்கக் கற்றுக்கொண்டது. ஒரு கிலோ எண்ணூறு ஆனதும் வீட்டுக்கு அனுப்பினோம். அன்று வெள்ளிக்கிழமை. கிளம்பும்போது ஓசூர்ப் பெண் ஈஜிபுராக்காரியைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அவள் அம்மாவும் வந்து கட்டிக்கொண்டார். அந்தப் பெண் என்னிடம் வந்து, "சிஸ்டர், அயர்ன் டிராப்ஸ் எத்தனை சொட்டு?" என்று கேட்டாள். அட்டையில் எழுதிக் கொடுத்தேன். எத்தனை சொட்டு, எத்தனை மணிக்கு, எந்த வேளைப் பாலோடு. வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் எழுந்ததை மறைக்கமாட்டேன். எழுத்து மட்டும் கோணவில்லை.

பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, பால் அறை போன் அடித்தது. ஓசூர்ப் பெண்.

"சிஸ்டர், பாப்பா நேத்துல இருந்து நேராவே குடிக்கிறா. பாலாடை வேண்டாம்ங்கறா. ரெண்டு பக்கமும் குடிச்சிட்டுத் தூங்கிட்டா." பின்னால் மின்விசிறிச் சத்தமும், அதற்குள்ளே ஒரு சின்ன மூச்சும் கேட்டன. "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். கேக்குதா?"

"கேக்குதும்மா" என்றேன்.

"அக்காகிட்ட சொல்லிடுங்க."

அப்போது மணி ஒன்பதரை. பத்து மணிக்கு ஈஜிபுராக்காரி வந்து, பையை மாட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு உள்ளே போனாள். நான் சொல்லவில்லை. பதினோரு மணிக்குத் தேநீர் குடித்தோம், எதிரெதிரே. அப்போதும் சொல்லவில்லை. அந்தச் சேதி என் ஒருத்தியிடம் மட்டும் இருந்த நேரம் அது; கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். ஒரு மணிக்கு அவள் பையை எடுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்தாள். பின்னாலேயே ஓடிப்போய்ச் சொன்னேன்.